மணமும் விலையும்

"பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும்" என்பது நம் முன்னோர் வாக்கு. நார் மட்டுமா மணக்கும்? பூக்கட்டும் விரல் மணக்கும். பூ வைத்த கூடை மணக்கும். கூடை இருந்த வீடு மணக்கும். அந்த வீட்டிலிருந்து பள்ளிக்குப் புறப்படும் பிள்ளையின் புத்தகப் பையும் மணக்கும். அப்படி மணந்த பிள்ளைகளுள் நானும் ஒருத்தி. ஆனால் அந்த மணத்துக்காக நான் ஒரு காலத்தில் வெட்கப்பட்டேன் என்று சொன்னால், இந்த ஆண்டு மலரைப் புரட்டும் அன்புத் தங்கைகளே, நீங்கள் நம்புவீர்களா?

எங்கள் ஊர் தோவாளை. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர் தொலைவு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வந்து மோதும் ஊர். ஊர் விழிக்கும் முன்பே எங்கள் பூச்சந்தை விழித்துக்கொள்ளும். செண்பகராமன்புதூர், குமாரபுரம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பிச்சியும் மல்லிகையும் வரும். வெளியூர்ப் பூக்களும் வந்து குவியும். சந்தையில் வாங்கிய பூ பொழுது விடிவதற்குள் கேரளத்துக்கு வண்டி ஏறிவிடும். ஓண மாதம் வந்தால் எங்கள் வீட்டில் யாருக்கும் உறக்கம் கிடையாது.

அம்மா கூலிக்குப் பூக்கட்டினாள். பிச்சி என்று நாம் சொல்வதைத் தமிழகத்தின் பிற பகுதிகளில் ஜாதிமல்லி என்பார்கள். அந்தப் பிச்சியை மொட்டாகவே தொடுத்தாக வேண்டும். விரிந்துவிட்டால் விலை போய்விடும். ஆகவே விளக்கு வெளிச்சத்தில் அம்மாவின் விரல்கள் ஓடிக்கொண்டே இருக்கும். நானும் பள்ளி செல்லும் முன் இரண்டு மூன்று முழம் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் பேருந்து ஏறுவேன். எவ்வளவு சோப்புப் போட்டுக் கழுவினாலும் விரலிலிருந்து அந்த மணம் போகாது.

1983-ஆம் ஆண்டு. நான் நம் பள்ளியில் பத்தாம் வகுப்பு மாணவி. நம் மாவட்டத்திலிருந்து பலர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்ற காலம் அது. விடுமுறைக்கு ஊர் வருகிறவர்களின் பெட்டியில் டேப் ரிக்கார்டர் இருக்கும், நைலக்ஸ் சேலை இருக்கும், தவறாமல் ஒரு சென்ட் பாட்டிலும் இருக்கும். என் வகுப்பில் ஒரு மாணவியின் தந்தை அவ்வாறு சென்றிருந்தார். அவள் கைக்குட்டையில் இரண்டு துளி விட்டுக்கொண்டு வந்து, இடைவேளையில் அதை உதறினால் போதும். வகுப்பு முழுவதும் அவளைச் சூழ்ந்துகொள்ளும். என்னைப் பார்த்தால், "பூக்கடை வந்தாச்சு!" என்று சிரிப்பார்கள். அவர்கள் கேலிக்காகச் சொன்னதில் வஞ்சகம் இல்லை என்பது இப்போது புரிகிறது. அன்றோ அது முள்ளாய்த் தைத்தது. 'நானும் ஒருநாள் வெளிநாட்டு சென்ட் போட்டுக்கொண்டு வந்து காட்டுகிறேன்' என்று மனத்துக்குள் சபதம் செய்துகொண்டேன்.

வாய்ப்பும் வந்தது. எங்கள் தெருவில் ஒரு வீட்டார் காலியான வெளிநாட்டு சென்ட் பாட்டில் ஒன்றைக் குப்பையோடு எறிந்திருந்தார்கள். கனத்த கண்ணாடி, பொன்னிற மூடி, மேலே ஆங்கில எழுத்துகள். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு எடுத்துவந்து கழுவி வைத்தேன்.

டிசம்பர் 3 வந்தது. கோட்டாறு சவேரியார் திருவிழாவின் நிறைவு நாள். கடைவீதியெங்கும் வளையல், ரிப்பன், பலூன், மிட்டாய். ஒரு மூலையில் பெரியவர் ஒருவர் சிறு சிறு குப்பிகளில் அத்தர் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். பஞ்சைக் குச்சியில் சுற்றி, தொட்டு, என் புறங்கையில் தடவினார். என்ன மணம்! மல்லிகையும் அல்லாத, ரோஜாவும் அல்லாத ஒரு மணம். ஒரு குப்பி ஒன்றரை ரூபாய். வாங்கினேன். திரும்பும் வழியில் ஒரு கடையில் இரண்டரை ரூபாய்க்கு மலிவான கொலோன் ஒன்றும் வாங்கினேன். வீட்டில் வந்து இரண்டையும் அந்தக் கண்ணாடிப் பாட்டிலில் கலந்து குலுக்கினேன். மொத்தச் செலவு நான்கு ரூபாய்.

அடுத்த பள்ளி நாளில் வகுப்பில் அதை மெல்ல வெளியே எடுத்தேன். "எங்க மாமா துபாயில இருந்து கொண்டு வந்தது" என்றேன். எனக்குத் துபாயில் மாமாவும் கிடையாது, மாமியும் கிடையாது! ஆனால் ஒருத்தியாவது சந்தேகப்பட்டாளா? "ஆகா, வெளிநாட்டு மணம்னா இப்படி இருக்கணும்!" என்றாள் ஒருத்தி. "நம்ம ஊர் அத்தர் எல்லாம் இதுக்குக் கிட்ட வருமா?" என்றாள் இன்னொருத்தி. கைக்குட்டை உதறும் தோழிகூட முகர்ந்து பார்த்து, "எங்க அப்பா கொண்டாந்ததைவிட நல்லா இருக்குட்டி" என்றாள். மூக்கு முகர்ந்தது அத்தரை. மனம் முகர்ந்ததோ பாட்டிலின் மேலிருந்த எழுத்துகளை! அன்று பகல் முழுவதும் நான் மண்ணில் நடக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் இது வெறும் சிறுபிள்ளை விளையாட்டு. முடியவில்லை.

எங்கள் வகுப்பில் கடற்கரை ஊரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த மாணவி ஒருத்தி இருந்தாள். அதிகம் பேசாதவள். என் பக்கத்து இருக்கைதான். இரண்டு நாள் கழித்து, எல்லோரும் சாப்பிடச் சென்றபின் என்னிடம் வந்தாள். கைக்குட்டை முடிச்சு ஒன்றை அவிழ்த்தாள். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்த் தாள்களும் சில்லறையும். எண்ணினால் பதினைந்து ரூபாய். அவளுடைய அப்பா விடுதிக்குப் பார்க்க வரும்போதெல்லாம் கொடுத்ததைச் செலவழிக்காமல் சேர்த்தது.

"ஜனவரியில எங்க அக்காவுக்குக் கலியாணம். அந்த சென்டுல பாதி தருவியா? ஒரு நாளாவது அக்கா வெளிநாட்டு சென்டு போட்டுக்கட்டும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க டவுன்காரங்க. மீன்வாடைன்னு யாரும் மூக்கைப் பொத்திரக் கூடாது" என்றாள்.

தங்கைகளே, அந்த நொடியில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். 'பூக்கடை' என்ற ஒரு சொல்லுக்கே துடித்த எனக்கு, 'மீன்வாடை' என்ற சொல் அவளை எப்படிச் சுட்டிருக்கும் என்று தெரியாதா? தெரிந்தது. தெரிந்தும் கை நீட்டி அந்தப் பணத்தை வாங்கினேன். நாளை தருவதாகச் சொன்னேன்.

மறுநாள் எங்களுக்கு சிஸ்டர் ஒருவர் பெத்தானியா மரியாவின் கதையைச் சொன்னார்கள். யோவான் நற்செய்தியில் வருவது. விலைமதிப்பற்ற நறுமணத் தைலத்தை மரியா இயேசுவின் பாதங்களில் பூசியபோது வீடு முழுவதும் மணம் நிறைந்தது. உடனே யூதாசு அதை முந்நூறு தெனாரியத்துக்கு விற்றிருக்கலாமே என்று கணக்குப் போட்டான். ஒரு தெனாரியம் என்பது ஒரு தொழிலாளியின் ஒருநாள் கூலி. "எல்லாரும் மணத்தை முகர்ந்தாங்க, ஒருத்தன் மட்டும் விலையை முகர்ந்தான்" என்றார்கள் சிஸ்டர். எனக்காகவே சொன்னதுபோல் இருந்தது. நான்கு ரூபாய்ப் பொருளைப் பதினைந்து ரூபாய்க்கு, அதுவும் பாதியை விற்கக் கணக்குப் போட்டவள் நான் அல்லவா? பக்கத்து இருக்கைப் பக்கம் திரும்பவே முடியவில்லை.

அன்று மாலை அம்மா என் ஜியோமெட்ரி பெட்டியைத் திறந்தாள். நூல் வெட்டப் பிளேடு தேடியிருக்கிறாள். பதினைந்து ரூபாய் இருந்தது. அம்மாவுக்கு அது சில நாள் கூலி. "இது ஏது மக்களே?" என்று கேட்டாள். அழுகையோடு எல்லாவற்றையும் சொன்னேன். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை. பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னாள். திறந்து முகர்ந்தாள்.

"மணம் நல்லாத்தான் இருக்கு. நாலு ரூவாய்க்கு இவ்வளவு மணம் கிடைச்சா நல்லதுதானே? இதுல ஒரு குத்தமும் இல்ல. நீ வச்ச பேருலதான் குத்தம்."

நான் பேசவில்லை. அம்மா பூவை எடுத்துக் கட்டத் தொடங்கினாள். கட்டிக்கொண்டே சொன்னாள்: "நேத்துப் பறிச்ச பூவை இன்னைக்குப் பறிச்சதுன்னு நான் சொன்னா, வாங்குறவ ஒரு பார்வையில கண்டுபிடிச்சிருவா. இந்தக் குப்பிக்குள்ள இருக்கது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. தெரியாத பிள்ளைகிட்டயா மக்களே உன் சாமர்த்தியத்தைக் காட்டினே?"

அந்த இரவு முழுவதும் நான் தூங்கவில்லை.

மறுநாள் காலை பிரார்த்தனை மணி அடிக்கும் முன்பே அவளைத் தேடிப் போனேன். விடுதி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பணத்தை நீட்டி, உள்ளதை உள்ளபடி சொன்னேன். குப்பையில் எடுத்த பாட்டில், கோட்டாற்று அத்தர், மலிவுக் கொலோன், இல்லாத துபாய் மாமா எல்லாம். அவள் முகம் சிவந்தது. நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டாள்:

"அது மணக்குமா, மணக்காதா?"

"மணக்கும்."

"எவ்வளவு ஆச்சு?"

"முழுசுக்கும் நாலு ரூபாய்."

"அப்போ ரெண்டு ரூபாய் எடுத்துக்கிட்டு மீதியைத் தா. அந்தப் பாட்டில் வேண்டாம். சும்மா ஒரு மருந்துக் குப்பியில ஊத்தித் தா. அக்காகிட்ட உள்ளதைச் சொல்லிக் கொடுப்பேன்."

என்னைவிட ஒரு வயதும் மூத்தவள் அல்லள். ஆனால் அன்று அவள் எவ்வளவு உயர்ந்து நின்றாள்! மன்னித்துவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அதுவும் அவ்வளவு எளிதாக நடக்கவில்லை. அரையாண்டுத் தேர்வு முடியும் வரை அவள் என்னிடம் பாடத்தைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. அது நியாயமே.

ஜனவரியில் திருமணத்துக்கு முந்தின நாள் அம்மா ஒரு பந்து பிச்சி கட்டி, வாழையிலையில் பொதிந்து, ஈரத் துணி சுற்றிக் கொடுத்தாள். கூலி கேட்கவில்லை. அதை விடுதியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருமணம் முடிந்து திரும்பி வந்தவள் தானாகவே என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அக்கா தலையில உங்க பூ, கைக்குட்டையில உங்க அத்தர். மாப்பிள்ளையோட அம்மா, 'இது எந்த ஊர் சென்டு'ன்னு கேட்டாங்க. அக்கா, 'கோட்டாத்துத் திருவிழா சென்டு, ரெண்டு ரூபாய்'ன்னு சொன்னா. 'எனக்கும் வாங்கித் தா'ன்னாங்க!" என்றாள். இருவரும் சிரித்தோம். அன்றுதான் எனக்கு மூச்சு வந்தது.

இது நடந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பின்னர் நான் வேதியியல் படித்தேன். இன்று ஒரு மேல்நிலைப் பள்ளியில் அதையே கற்பிக்கிறேன். படிக்கப் படிக்க, அன்றைய அத்தர் குப்பியின் இரகசியமும் விளங்கியது. மல்லிகை மணத்தில் பெரும்பங்கு பென்சைல் அசிடேட் என்ற சேர்மத்துக்கு உரியது. பென்சைல் ஆல்கஹாலையும் அசிட்டிக் அமிலத்தையும் வினைபுரியச் செய்து இதைத் தொழிற்சாலையில் மலிவாகத் தயாரிக்கலாம். ஒன்றரை ரூபாய்க் குப்பியில் இருந்தது பெரும்பாலும் இத்தகைய செயற்கை மணப்பொருளாகவே இருந்திருக்கும். அசல் பூவில் இதோடு லினலூல், ஜாஸ்மோன், மிகச் சிறிய அளவில் இண்டோல் என்று நூற்றுக்கு மேற்பட்ட பொருள்கள் கலந்துள்ளன. வேடிக்கை என்னவென்றால், இண்டோலைத் தனியே செறிவாக முகர்ந்தால் முகம் சுளிக்க வேண்டியிருக்கும். துளியளவில் சேரும்போதுதான் அது பூவுக்கு உயிர் தருகிறது!

அசல் மணத்துக்கு ஏன் அவ்வளவு விலை என்பதும் தெரிந்தது. ஒரு கிலோ பிச்சியில் ஏறக்குறைய 8,000 முதல் 10,000 பூக்கள் இருக்கும். பூவைக் கொதிநீராவியில் காய்ச்சினால் மணம் கெட்டுவிடும். ஆகவே ஹெக்சேன் போன்ற கரைப்பானில் ஊறவைத்து மெழுகு போன்ற 'கான்கிரீட்' எடுத்து, பின் ஆல்கஹாலால் அதைத் தூய்மை செய்து 'அப்சொல்யூட்' எடுப்பார்கள். ஒரு கிலோ அப்சொல்யூட்டுக்கு ஏறக்குறைய 700 கிலோ பூ வேண்டும். 1921-இல் எர்னெஸ்ட் போ உருவாக்கிய புகழ்பெற்ற 'ஷனெல் நம்பர் 5' என்ற வாசனைத் திரவியத்துக்குப் பிரான்சின் கிராஸ் என்னும் ஊரில் விளையும் மல்லிகை பெயர் வாங்கித் தந்தது. அந்த மல்லிகை எது தெரியுமா? தாவரவியலார் 'ஜாஸ்மினம் கிராண்டிபுளோரம்' என்று அழைக்கும் அதே இனம், நம் பிச்சிப்பூ! இன்று தமிழ்நாட்டுப் பூக்களின் சாரமும் வெளிநாடுகளின் விலையுயர்ந்த வாசனைத் திரவியங்களில் சேர்கிறது. எதற்காக நான் வெட்கப்பட்டேனோ அதையே உலகம் பொன்விலைக்கு வாங்குகிறது!

ஆனால் விலை முழுவதும் பூவுக்கே போகிறது என்று எண்ணிவிடாதீர்கள். கண்ணாடிப் பாட்டில், விளம்பரம், கடையின் வாடகை, பெயரின் புகழ் ஆகிய எல்லாவற்றையும் நாம்தான் சுமக்கிறோம். அந்தப் புகழ்பெற்ற நம்பர் 5-லேயே ஆல்டிஹைடு என்னும் செயற்கைப் பொருள்கள் உண்டு. ஆகவே 'செயற்கை என்றால் மலிவு, மலிவு என்றால் மட்டம்' என்பது சரியன்று.

இன்று கடைகளில் பெரிய பெயர்களின் மணத்தை ஒத்த மலிவான சென்ட்கள் குவிந்துள்ளன. மாணவியர் பலர், "இதை வாங்கலாமா, டீச்சர்?" என்று என்னைக் கேட்பதுண்டு. நான் அன்றைய என் அம்மாவின் பதிலையே சொல்கிறேன். மணத்தை ஒத்திருப்பது குற்றமன்று; பெயரைத் திருடுவதே குற்றம். பிரான்ஸ் நாட்டின் உச்ச நீதிமன்றமே 2006-இல், ஒரு மணத்துக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லை என்று தீர்ப்பளித்தது. ஆனால் பிறர் புகழில் ஏறிச் சவாரி செய்வதை ஐரோப்பிய நீதிமன்றம் ஏற்கவில்லை. 'இந்த மலிவு சென்ட் இன்ன பெரிய சென்டின் நகல்' என்று பட்டியல் போட்டு விற்ற வழக்கில், அது நியாயமற்ற ஆதாயம் என்று 2009-இல் அது கூறியது. தன் சொந்தப் பெயரில், தன் விலையில் விற்கும் மலிவு சென்டை நீங்கள் தலை நிமிர்ந்து வாங்கலாம். பெரிய பெயரைப் பொய்யாய் ஒட்டிய பாட்டிலைத் தொடாதீர்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல யாரும் பொறுப்பாக நிற்கமாட்டார்கள்.

வாங்கும்போது சிலவற்றைக் கவனியுங்கள். முதல் முகர்வில் மயங்கிவிடாதீர்கள். முதலில் எழும் மணம் கால் மணி நேரத்தில் போய்விடும், அரை மணி கழித்து நிற்பதே அதன் மெய்யான மணம். கொலோன் என்றால் மணச்சாரம் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு. 'ஓ டெ டாய்லெட்' ஐந்து முதல் பதினைந்து. 'ஓ டெ பெர்ஃபியூம்' ஏறக்குறைய பதினைந்து முதல் இருபது. ஆகவே விலையை ஒப்பிடும்போது இதையும் ஒப்பிடுங்கள். முழங்கையின் உட்பக்கத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்து, அரிப்போ தடிப்போ இல்லையென்றால் மட்டுமே பயன்படுத்துங்கள். ஆல்கஹால் உள்ள சென்டை அடுப்பு, மெழுகுவத்தி அருகே கொண்டுபோகாதீர்கள். வெயில் படாத இடத்தில் வைத்தால் சிறு குப்பிகூடப் பல மாதம் வரும். நம் நாட்டு வழியும் உண்டு: உத்தரப் பிரதேசத்தின் கன்னோசியில் செப்புப் பானையில் பூவைக் காய்ச்சிச் சந்தன எண்ணெயில் மணத்தை இறக்கும் அத்தர், நம் வீட்டுத் துணிப்பெட்டியில் வைக்கும் வெட்டிவேர், தலையில் சூடும் மரிக்கொழுந்து. இவற்றுக்கெல்லாம் விளம்பரம் தேவைப்படவில்லை.

2025-ஆம் ஆண்டு எங்கள் தோவாளையின் மாணிக்கமாலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அரளிப்பூவை நொச்சியிலையோடு மடித்துத் தொடுத்து, மாணிக்கம் பதித்ததுபோல் தோன்றச் செய்யும் மாலை அது. அந்தச் செய்தியைப் படித்தபோது என் அம்மாவை நினைத்துக் கண் கலங்கினேன். புவிசார் குறியீடு என்பது என்ன? 'இது இந்த ஊரில், இவர்கள் கையால் ஆனது' என்று உண்மைப் பெயரைச் சொல்லும் முத்திரை. 'நீ வச்ச பேருலதான் குத்தம்' என்று அம்மா சொன்னதைச் சட்டமும் சொல்கிறது, அவ்வளவே.

அம்மா இன்று இல்லை. அந்தக் கடற்கரைத் தோழி இருக்கிறாள். திருவிழாவுக்குத் திருவிழா சந்திக்கிறோம். "துபாய் மாமா சுகமா?" என்று கேட்காமல் அவள் என்னை விட்டதே இல்லை! ஒவ்வொரு ஆண்டும் கோட்டாற்றுக் கடைவீதியில் ஆளுக்கொரு சிறு குப்பி அத்தர் வாங்கிக்கொள்கிறோம். விலை ஏறியிருக்கிறது, மணம் அப்படியே இருக்கிறது.

அன்புத் தங்கைகளே! உங்கள் மேல் பூவின் மணம் வீசினாலும், கடலின் மணம் வீசினாலும், அது உங்களை வளர்த்த கைகளின் மணம். அதற்காகத் தலை குனியாதீர்கள். ஆசைப்பட்டால் சென்டும் போட்டுக்கொள்ளுங்கள். யாராவது, "இது எந்த ஊர் சென்ட்?" என்று கேட்டால், அந்த மணப்பெண் சொன்னதுபோல் உள்ளதைச் சொல்லுங்கள்.

- முன்னாள் மாணவி (1984)